திரிகடுகத்தில் கடுகு இல்லை

இன்று ஒரு மருந்துப் பெயரின் கதை.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஓ.பி.க்கு வரும் பாட்டி ஒருவர். வலிப்புக்காக ஃபெனிடாயின் மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம், "தம்பி, சளிக்கு ஒரு மாசமா தினமும் திரிகடுகச் சூரணம் எடுத்துக்கிறேன், பரவாயில்லையா?"ன்னு கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், காலேஜ் முடிக்கும் வரை நான் அதைக் கடுகு என்றே நினைத்திருந்தேன். அதில் கடுகே கிடையாது!

வடமொழியில் 'திரி' என்றால் மூன்று, 'கடுகம்' என்றால் காரமானது. சுக்கு, மிளகு, திப்பிலி. மூன்று காரங்களின் கூட்டுக்கு ஒரே பெயர்.

நல்லாதனார் தன் நூலுக்கு வைத்த பெயரும் இதுதான். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று, பாட்டுக்கு மூன்று கருத்து. சிறுபஞ்சமூலம், ஏலாதி என்று இன்னும் இரண்டு நூல்களுக்கும் மருந்துப் பெயர்தான். விளக்காமலே புரியும் அளவுக்கு அன்றைக்கே இந்த மருந்து மக்களுக்குப் பழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றில் திப்பிலிதான் உலகம் சுற்றியது. வடமொழியில் பிப்பலி. அது கிரேக்கம், லத்தீன் வழியாகப் போய் ஆங்கிலத்தில் 'பெப்பர்' ஆனது. திப்பிலியின் பெயரை மிளகு எடுத்துக்கொண்டது!

பாட்டியின் ஊருக்கும் பழைய மருத்துவத் தொடர்பு உண்டு. அரங்கநாதர் கோயிலின் ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்து, தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. தன்வந்திரி சன்னதி இன்றும் இருக்கிறது. அடுத்த முறை போனால் பாருங்கள்.

சரி, பாட்டியின் கேள்விக்கு வருவோம்.

மிளகு, திப்பிலி இரண்டின் காரத்துக்கும் காரணம் பைப்பரின். 1819இல் இதைப் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஊர்ஸ்டெட். (மின்சாரம் காந்த ஊசியைத் திருப்பும் என்று அடுத்த வருடம் காட்டினாரே, அவரேதான்.)

குடலும் கல்லீரலும் சில மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தைப் பைப்பரின் குறைக்கிறது. அதனால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். ஃபெனிடாயின் அப்படி ஏறுவதை மனிதர்களிடமே ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். அந்த மாத்திரையில் சரியான அளவுக்கும் அதிக அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு.

ரசத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தினமும் ஸ்பூன் கணக்கில் சூரணம் என்பது வேறு கதை.

"நடக்கும்போது தள்ளாடுதா பாட்டி? எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதா?"

"ஆமா தம்பி, பத்து நாளா. வயசாச்சுன்னு விட்டுட்டேன்."

சூரணத்தை நிறுத்தச் சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன்.