சென்னைப் பந்தயத்தின் இருபத்தோர் ஆண்டுகள்



நுவரெலியாவிலே ஹில் கிளப் தோன்றியது 1876ஆம் ஆண்டில். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் மேஜர் விங்பீல்டு என்னும் ஆங்கிலேயர் புல்தரை டென்னிஸ் ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அடுத்த ஆண்டு, 1877இல், விம்பிள்டன் பந்தயம் தொடங்கியது. ஆகவே நமது மலைநாட்டுத் துரைமாரின் கிளப்பும் இன்றைய டென்னிஸ் ஆட்டமும் ஏறக்குறைய ஒரே வயதின எனலாம். துரைமார் சென்றவிடமெல்லாம் இந்த ஆட்டமும் உடன் சென்றது. மலைச்சரிவை வெட்டி ஆடுகளம் சமன்செய்தவர்களும், புல்லைப் பேணியவர்களும் தோட்டத் தொழிலாளர்களே. எனினும் லயத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டம் வேலிக்கு அப்பால் நிகழும் வேடிக்கையாகவே நெடுங்காலம் இருந்து வந்தது.

அந்த வேலி தமிழருக்கு எங்கே, எவ்வளவு தூரம் திறந்தது என்பதை ஆராய்வதற்கு நல்லதொரு சான்று உண்டு. அது சென்னையிலே 1997 முதல் 2017 வரை நடைபெற்ற தொழில்முறை ஆடவர் பந்தயத்தின் முடிவுப் பட்டியல். அரசர் பெயர் வரிசையைப் படிக்கும் மாணவன் யார் ஆண்டார் என்பதோடு, யாருடைய பெயர் அங்கே இல்லை என்பதையும் கேட்க வேண்டும். இந்தப் பட்டியலையும் அவ்வாறே படிப்போம்.

முதலில் சிறிது முன்வரலாறு. 1937இல் நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், தம் தந்தையார் டி. கே. இராமநாதனிடமே ஆட்டம் பயின்றார். 1954இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்றார். ஆசியர் ஒருவர் அதை வென்றது அதுவே முதன்முறை. 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவர் விம்பிள்டன் அரையிறுதி வரை முன்னேறி, முறையே நீல் பிரேசரிடமும் ராட் லேவரிடமும் தோற்றார். அக்காலத்தில் பணத்துக்காக ஆடுவோருக்குப் பெரும் பந்தயங்களில் இடமில்லை. தொழில்முறைக்கு வரும்படி அமெரிக்கரான ஜாக் கிரேமர் அழைத்தபோது கிருஷ்ணன் அதை ஏற்கவில்லை. அந்தத் தடை 1968இல் நீங்கிற்று. அதன் பின்னர் சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜும், கிருஷ்ணனின் புதல்வர் ரமேஷும் தொழில்முறை ஆட்டக்காரர்களாக உலகெங்கும் ஆடினர். ரமேஷ் 1979இல், தந்தை வென்ற அதே இளைஞர் பட்டத்தைத் தாமும் வென்றார்.

இந்தியாவின் ஆடவர் தொழில்முறைப் பந்தயம் 1996இல் டில்லியில் நடைபெற்றது. மறு ஆண்டே அது சென்னைக்கு வந்தது. தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டு நுங்கம்பாக்கத்தில் அமைந்த அரங்கம் அதற்குக் களமாயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் நம் உறவினர் பலர் சென்று குடியேறிய தமிழ்நாட்டின் தலைநகரிலே, உலகத் தரமுள்ள ஆட்டம் ஆண்டுதோறும் நிகழலாயிற்று.

முதல் ஆண்டில் சுவீடனின் டில்ஸ்ட்ரோம் வென்றார். 1998இல் அவரை வீழ்த்திப் பட்டத்தைப் பெற்றவர் ஆஸ்திரேலியாவின் பாட்ரிக் ராப்டர். 1999இல் சிம்பாப்வேயின் பைரன் பிளாக்கும், 2003இல் தாய்லாந்தின் பாரடோர்ன் ஸ்ரீசாபனும் வென்றனர். 2004, 2005 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஸ்பானியரான கார்லோஸ் மோயா இறுதியாட்டத்தில் பாரடோர்னையே தோற்கடித்தார். இவற்றுள் 2005ஆம் ஆண்டின் பந்தயம், சென்னைக் கரையையும் நமது நாட்டின் கரைகளையும் கடல்கோள் அழித்துச் சில நாட்களே கழிந்திருந்த வேளையில் நடைபெற்றது. மோயா தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்தை நிவாரணத்துக்கு அளித்துச் சென்றார்.

2008ஆம் ஆண்டின் முடிவை எண்களில் மட்டும் படித்தால் வியப்பே மிஞ்சும். இறுதியாட்டத்தில் ரஷ்யரான மிகயில் யூஸ்னி, ரபேல் நடாலை 6-0, 6-1 என்று வென்றார். நடால் அத்தனை எளிதில் வீழக் காரணம் முதல்நாளில் இருந்தது. அரையிறுதியில் அவர் தம் தீவைச் சேர்ந்த மோயாவுடன் ஏறத்தாழ நான்கு மணி நேரம் போராடி வென்றிருந்தார். மறுநாள் ஓடக் காலில் வலுவில்லை. வெறும் எண்ணிக்கை வரலாறாகாது என்பதற்கு இது ஏற்ற உதாரணம்.

உள்ளூர் மக்கள் பெரிதும் எதிர்பார்த்த ஆண்டு 2009. சிறப்பு அனுமதியின் பேரில் களமிறங்கிய இந்தியரான சோம்தேவ் தேவ்வர்மன், மோயாவையும் உயரத்தில் பெயர்பெற்ற கார்லோவிச்சையும் வென்று இறுதிக்கு வந்தார். குரோஷியாவின் மரின் சிலிச் அவரை நேர் செட்டுகளில் தோற்கடித்தார். ஒற்றையர் பட்டத்துக்கு அருகே இந்தியர் ஒருவர் வந்தது அந்த ஒரு முறையே. பின்னர் சுவிட்சர்லாந்தின் வாவ்ரிங்கா 2011, 2014, 2015, 2016 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றார். 2014 ஜனவரியில் சென்னையில் வென்றவர், அதே மாதத்தில் ஆஸ்திரேலியப் பட்டத்தையும் கைப்பற்றினார். 2017இல் பவுதிஸ்தா அகுட் வென்றதோடு சென்னையின் பட்டியல் முற்றுப்பெற்றது. 2018இல் பந்தயம் புனேக்கு மாறிற்று.

இருபத்தோர் ஆண்டுகளில் வென்றவர் பதினாறு பேர். அவருள் ஆசியர் ஒருவரே, இந்தியர் எவருமில்லை. இரட்டையரில் பயசும் பூபதியும் ஐந்து முறை வென்றனர் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. பயஸ், அமிர்தராஜ் குடும்பத்தார் 1985இல் சென்னையில் தொடங்கிய பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர்.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை விளங்குகிறது. பெரும் பந்தயம் நகருக்கு வருவதால் மக்கள் நல்லாட்டத்தைக் காணலாம். அதனால் மட்டும் ஆட்டக்காரர் உருவாவதில்லை. கிருஷ்ணனுக்குத் தந்தையின் பயிற்சி கிடைத்தது. பயசுக்குப் பயிற்சிக்கூடம் கிடைத்தது. பந்தயம் நகரை விட்டுப் போகலாம்; கற்பிப்பவர் இருக்கும் இடத்தில் ஆட்டம் நிலைபெறும்.

நம் பிள்ளைகளின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலைப்பாதையில் நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு மூச்சு வலிமைக்குக் குறைவில்லை. குறைவது சமதரையும், மட்டையும், மாலையில் ஒரு மணி நேரம் உடன்நின்று கற்பிக்கும் ஆசிரியரும் ஆகும். தோட்ட நிர்வாகங்களும் கிளப்புகளும் தம் ஆடுகளங்களை வாரத்தில் ஒருநாள் அருகிலுள்ள பாடசாலைகளுக்குத் திறந்துவிட்டால் பெருஞ்செலவு எதுவும் நேராது. பெற்றோரும் ஆசிரியரும் கூடிக் கேட்க வேண்டிய கோரிக்கை இது. முன்னோர் சமன்செய்த தரையிலே பேரப்பிள்ளைகள் மட்டை பிடிப்பது நியாயமானதே.