சிறு பொருளுக்கு இடம்: ஸ்லாப் முறையின் கதை

கணினி வாங்க எண்ணும் பெற்றோர் என்னிடம் கேட்பது, “எத்தனை கிகாபைட் நினைவகம் வேண்டும், ஆசிரியர்?” என்பதே. அந்த நினைவகத்தை உள்ளே பங்கிடுவது யார் என்று எவரும் கேட்டதில்லை.

பங்கிடுவது இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல். அது நினைவகத்தைப் ‘பக்கங்களாக’ப் பிரித்து வைத்திருக்கிறது. பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4096 பைட். ஆனால் நாம் ஒரு கோப்பைத் திறந்தால், அதைப் பற்றிக் குறித்துவைக்கக் கெர்னலுக்குச் சில நூறு பைட் போதும். முன்னர்ப் பல அமைப்புகள் கேட்ட அளவை இரண்டின் அடுக்குக்கு உயர்த்திக் கொடுத்தன. 300 பைட் கேட்டால் 512 கிடைக்கும், 212 வீண்.

1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜெப் போன்விக், யூசெனிக்ஸ் கோடை மாநாட்டில் ஒரு கட்டுரை படைத்தார். இடம் தேடுவதைவிட, கிடைத்த இடத்தில் பொருளை உருவாக்குவதே பல வேளைகளில் அதிக நேரத்தை விழுங்குகிறது என்பதை அவர் கண்டிருந்தார். பூட்டுகள், பட்டியல்கள், எண்ணிகள் என்று எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வேலை முடிந்ததும் கலைத்துவிட்டு, அடுத்த நொடியே மீண்டும் அடுக்குவானேன்? நாளையும் தேர்வு இருக்கும்போது இன்று மாலையே மண்டபத்து மேசைகளைக் கலைக்கச் சொன்னால் நாம் முணுமுணுக்க மாட்டோமா!

எனவே, ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் தனிக் கிடங்கு அமைத்தார். கிடங்கு, அடுத்தடுத்துள்ள சில பக்கங்களை ஒரு பாளமாக, அதாவது ஸ்லாபாக வாங்கி, சம அளவுத் துண்டுகளாக்கும். நிர்வாகக் குறிப்புகளுக்கான இடத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு பக்கத்தில் 300 பைட் பொருள்கள் 13 அடங்கும். மீதம் 196 பைட். பழைய முறையில் எட்டே அடங்கும். திருப்பித் தரப்பட்ட பொருள் கலைக்கப்படாமல் அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கும். ஸ்பார்க்ஸ்டேஷன் 2 கணினியில், ‘ஸ்ட்ரீம் ஹெட்’ என்னும் பொருளை ஒதுக்கி விடுவிக்க ஆன நேரம் 33 மைக்ரோ நொடியிலிருந்து 5.7 ஆகக் குறைந்ததாக அவர் எழுதியுள்ளார்.

1999இல் வெளிவந்த லினக்ஸ் 2.2இலும் இம்முறை இடம்பெற்றது. வியப்பு என்னவென்றால், போன்விக் முதன்மையாகக் கருதிய ‘கலைக்காமல் வைத்திருத்தல்’ லினக்ஸில் அவ்வளவாகப் பயன்படவில்லை. கிடங்கும் பாளமுமே நிலைத்தன.

பிறகு குடும்பம் பெருகியது. மிகச் சிறிய கருவிகளுக்காக மேட் மெக்கால் எழுதிய ஸ்லோப் 2006இல் சேர்ந்தது. 2007இல் கிறிஸ்டோஃப் லாமீட்டரின் ஸ்லப் வந்தது. ஆயிரம் செயலிகள் கொண்ட பெருங்கணினிகளில், ஸ்லாப் வைத்திருந்த வரிசைகளில் பொருள்களின் முகவரிகளைக் குறித்துவைக்கவே பல கிகாபைட் செலவாவதாக அவர் முறையிட்டிருந்தார். ஸ்லப் அவ்வரிசைகளை நீக்கியது. அடுத்த காலி இடம் எது என்ற குறிப்பைக் காலியான பொருளுக்குள்ளேயே எழுதி வைத்தது. காலி இடம்தானே, எழுதினால் யாருக்கு நட்டம்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

மூன்றையும் ஒருசேரப் பராமரிப்பது சுமையாயிற்று. புதிய வசதி எதையும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுத வேண்டியிருந்தது. 2023இல் ஸ்லோப் நீக்கப்பட்டது. 2024 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 6.8இல் மூத்தவரான ஸ்லாபும் விடைபெற்றார். அது சரியான முடிவு என்றே எண்ணுகிறேன். ஆயினும் லினக்ஸில் இந்தக் கணக்கைக் காட்டும் கோப்பின் பெயர் இன்றும் ‘ஸ்லாப்இன்ஃபோ’தான். கணக்குக் கொடுப்பது ஸ்லப்.