சாவடியிலிருந்து பஃபே வரை: உணவகத்தில் நம் வரலாறு

(எம்.சி. ராஜா நினைவுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



எம்.சி. ராஜாவின் நினைவில் பேச வேண்டும் என்று அழைத்தபோது, ஓட்டலைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். தோழர்கள் தயங்கினார்கள். நிலம், கல்வி, வன்கொடுமை என்று பேச எவ்வளவோ இருக்க, சாப்பாட்டுக் கடையைப் பற்றி என்ன பேசுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ராஜாவுக்கும் ஓட்டலுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் இன்றைய பேச்சின் மையம்.

நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரிலேயே ஒரு சாவடி இருக்கிறது. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். இன்று வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி, அவற்றைச் சுற்றி மாணவர்களும் நோயாளிகளின் உறவினர்களும் சாப்பிடும் கடைகள். பிரியாணிக் கடை, சைவ ஓட்டல், தள்ளுவண்டி, குளிரூட்டிய பெரிய உணவகம் என எல்லாம் உண்டு. சாவடியின் வேலையை இன்று ஓட்டல்கள் செய்கின்றன. ஆனால் சாவடியும் சத்திரமும் எல்லா வழிப்போக்கருக்கும் திறந்திருக்கவில்லை. நம் முன்னோர் நடந்த தூரம் குறைவானதல்ல. அவர்கள் தங்கியது பெரும்பாலும் மரத்தடியில்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, என் தங்கைக்கு வேலை கிடைத்த மகிழ்ச்சியில், அம்மாவை இந்தச் சாலையில் உள்ள ஒரு ஓட்டலுக்குப் பஃபே சாப்பிட அழைத்துப் போனோம். வரிசையாகப் பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி. அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். பரிமாற ஆள் வருவார் என்று காத்திருக்கிறார் என நினைத்தேன். பக்கத்தில் போனபோது மெதுவாகக் கேட்டார்: "இதுல நாம கை வைக்கலாமாடா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"எல்லாரும் எடுக்கிறதுதாம்மா. நீயே எடு" என்றேன்.

அவர் கரண்டியைப் பிடித்தார். சோறு எடுத்தார். அடுத்து வந்தவர் அதே கரண்டியை எடுக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார். அந்த ஆள் எடுத்தார். அதற்குப் பிறகுதான் அம்மா அடுத்த பாத்திரத்துக்கு நகர்ந்தார்.

அம்மா பிறந்தது திருவள்ளூருக்கு மேற்கே ஒரு கிராமம். அங்கே டீக்கடையில் அவருடைய அப்பாவுக்குத் தனிக் குவளை. குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். அந்த நினைவு அறுபது வயதுக்கு மேலும் அவர் கையைத் தடுத்தது. அன்று இரவு எனக்கு மூன்று கேள்விகள் தோன்றின. உணவகத்துக்குள் யார் நுழையலாம்? உள்ளே போனவர் எந்தப் பாத்திரத்தைத் தொடலாம்? அங்கே யாருடைய உணவு மேசைக்கு வரும்? உணவகத்தின் வரலாற்றை இந்த மூன்று கேள்விகளின் வழியே படிக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதல் கேள்வி: யார் நுழையலாம்?

சாதிச் சமூகத்தில் சாப்பாடு வீட்டுக்குள்ளும் சொந்தச் சாதிக்குள்ளும் நடக்க வேண்டியது. காசு கொடுத்தவர் யாராக இருந்தாலும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது அந்த ஒழுங்கையே உடைக்கும் ஏற்பாடு. அதனால்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் காபி கிளப்புகள் வந்தபோது, வாசலிலேயே சாதியை எழுதி வைத்தார்கள். 'பிராமணாள்' என்ற பலகை அப்படி வந்தது. உள்ளேயும் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூட இந்தப் பிரிவினை இருந்தது. பெரியாரின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் அது முடிவுக்கு வந்தது.

இந்த வரலாற்றை நமக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? 1924-25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் போராடியது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு 'பிராமணாள்' பலகையை எதிர்த்துத் திராவிடர் கழகத் தோழர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை சென்றது. இரண்டும் மதிக்க வேண்டிய போராட்டங்கள். ஆனால் கவனியுங்கள். குருகுலத்தில் கேள்வி, பிராமணச் சிறுவனும் பிராமணரல்லாத சிறுவனும் ஒன்றாக உண்பதா என்பது. முரளி கபேயில் கேள்வி, பலகையில் இருக்கும் ஒரு சொல். பந்தியில் உட்காரவே அழைக்கப்படாதவர், பலகையைத் தாண்டி உள்ளே வரவே முடியாதவர் இந்தச் சித்திரத்தில் எங்கே இருக்கிறார்?

அவர் சட்டமன்றத்தில் இருந்தார். பரங்கிமலையில் பிறந்தவர், ஆசிரியராக இருந்தவர், 1925இல் 'ஒடுக்கப்பட்ட இந்துக்கள்' என்ற ஆங்கில நூலை எழுதியவர். அவர்தான் எம்.சி. ராஜா. 1938இல் அவர் கொண்டுவந்த குடியுரிமைத் தடைகள் நீக்க மசோதா சென்னை மாகாணத்தில் சட்டமானது. பொதுச் சாலை, கிணறு, போக்குவரத்து என்பவற்றோடு நிற்காமல், பொதுமக்களை அனுமதிக்கும் கடை, ஓட்டல் போன்ற இடங்களிலும் தாழ்த்தப்பட்டோரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது அந்தச் சட்டம். தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக விரிவாக வரையறுத்த முதல் சட்டம் இந்தியாவில் இதுதான். முரளி கபே போராட்டத்துக்கு 19 ஆண்டுகள் முந்தையது.

அதே ஆண்டு ராஜா கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவை ராஜாஜி அரசு ஆதரிக்கவில்லை, அது தோற்றது. ஓட்டல் கதவைத் திறக்கச் சம்மதித்த சட்டமன்றம் கோயில் கதவைத் திறக்கச் சம்மதிக்கவில்லை. பூனா ஒப்பந்தக் காலத்தில் ராஜா எடுத்த நிலைப்பாட்டோடு நமக்கு முரண்பாடு உண்டு. ஆனால் நாம் காசு கொடுத்து உட்கார்ந்து சாப்பிடும் ஒவ்வொரு மேசையின் பின்னாலும் அவர் உழைப்பு இருக்கிறது. அதைச் சொல்லாமல் ஓட்டலின் வரலாற்றை எழுத முடியாது.

இரண்டாம் கேள்வி: எந்தப் பாத்திரம்?

அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டில் படித்துவிட்டு பரோடா அரசில் பணியில் சேரப் போனார். இந்து விடுதியில் இடம் கிடைக்காது என்பதால் பார்சி விடுதி ஒன்றில், பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள், தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. பட்டங்களும் பதவியும் ஒரு விடுதி அறையைக்கூட அவருக்குப் பெற்றுத் தரவில்லை. அந்த மனிதர்தான் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார்.

1948 நவம்பர் 29இல் அரசியல் நிர்ணய சபையில் இன்றைய 15ஆவது உறுப்பு விவாதத்துக்கு வந்தது. கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள் ஆகியவற்றில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு உறுப்பினர் எஸ். நாகப்பா, 'கடை' என்ற சொல்லில் சலவைக்கடையும் முடிதிருத்தும் நிலையமும் அடங்குமா என்று கேட்டார். அம்பேத்கர், அந்தச் சொல்லை அதன் விரிந்த பொருளில்தான் பயன்படுத்தியிருப்பதாக விளக்கினார். நிபந்தனைக்கு உட்பட்டுத் தன் சேவையை விற்க முன்வரும் எவரும் அதில் அடங்குவர் என்றார். வாசலைத் தாண்டவிட்டு உள்ளே சேவையை மறுக்கும் தந்திரம் இருவருக்கும் தெரிந்திருந்தது. சேரியிலிருந்து போனவர்களுக்குத்தான் இந்தக் கேள்வியே தோன்றும்.

1955 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தின் 4ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். 1976 திருத்தத்துக்குப் பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று நாம் அழைப்பது இதைத்தான். முதலில் கடை, உணவகம், ஓட்டலுக்குள் நுழைவது. அடுத்த உட்பிரிவு, அங்கே பொதுமக்கள் பயன்படுத்த வைத்திருக்கும் பாத்திரங்களையும் பிற பொருள்களையும் பயன்படுத்துவது. சட்டத்தில் பாத்திரம் என்று தனியாக எழுத வேண்டிய நாடு இது. இரட்டைக் குவளையைச் சட்டத்தின் மொழியில் பிடித்த இடம் அந்த உட்பிரிவு.

குவளை ஒழிந்துவிட்டதா? 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்து 2006இல் நூலாக வந்த தீண்டாமை ஆய்வு, தேநீர்க் கடைகளில் தனிக் குவளையும் தனி இருக்கையும் தொடர்வதைப் பதிவு செய்தது. பல ஊர்களில் போராட்டத்துக்குப் பிறகு கண்ணாடிக் குவளை போய், பயன்படுத்தி எறியும் காகிதக் குவளை வந்தது. நகரத்தில் அது சுகாதாரம். கிராமத்தில் சில கடைகளில் அது கழுவ வேண்டாத தீண்டாமை. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் உணவுக்கூடம் ஒன்றில் சைவருக்கும் அசைவருக்கும் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம், தனிப் பாத்திரம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. மாணவர்கள் எதிர்த்த பிறகு அகற்றினார்கள். வாசல், தண்ணீர், பாத்திரம்: 1938லும் 1955லும் சட்டம் எழுதிய அதே பட்டியல், சாதியின் பெயர் மட்டும் இல்லாமல்.

மூன்றாம் கேள்வி: யாருடைய உணவு?

'பிராமணாள்' என்ற சொல் பெரும்பாலான பலகைகளிலிருந்து போய்விட்டது. 2012இல் ஸ்ரீரங்கத்தில் அது மீண்டும் தலைதூக்கியபோது எதிர்ப்பும் உடனே எழுந்தது. ஆனால் 'உயர்தர சைவ உணவகம்' என்ற பலகையை யாரும் கேள்வி கேட்பதில்லை. அசைவக் கடை எதுவும் 'தாழ்தரம்' என்று எழுதிக்கொள்வதில்லை. அப்படி எழுதாமலே அது புரிந்துவிடுகிறது. பிராமணரல்லாத முதலாளிகள் ஓட்டல் தொழிலில் பெரிய அளவில் வெற்றி பெற்ற பிறகும் அந்தச் சொல் மாறவில்லை. முதலாளியின் சாதி மாறியது. சுத்தத்தின் இலக்கணம் அப்படியே கைமாறியது. அசைவ ஓட்டல்களுக்கு 'மிலிட்டரி' என்றும் 'விலாஸ்' என்றும் பெயர் வந்தது. அங்கே ஆடும் கோழியும் மீனும் கிடைக்கும். மாட்டுக்கறி கிடைக்காது.

இதே சாலையில் மேற்கே போனால் ஆம்பூர் வரும். ஆம்பூர் பிரியாணியின் பெயரில் இந்தச் சாலை நெடுக எத்தனை கடைகள் என்று எண்ணிப் பாருங்கள். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தத் திட்டமிட்டது. அந்த ஊரில் அன்றாடம் விற்கும் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு மட்டும் அதில் இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது. அந்தப் பாகுபாடு குறித்து மாவட்ட ஆட்சியரிடம் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவைத் தள்ளி வைத்தார்கள். பொதுவான மேசையில் மாட்டுக்கறியை வைப்பதைவிட மேசையையே எடுத்துவிடுவது எளிதாக இருந்திருக்கிறது.

நட்சத்திர ஓட்டல் பஃபேயில் இத்தாலி உணவும் சீன உணவும் உண்டு. 'செட்டிநாடு' என்றும் 'கொங்கு' என்றும் பெயர்ப்பலகை மாட்டிய மண்சட்டிகள் உண்டு. சேரியின் உப்புக்கண்டமும் மாட்டுக்கறிக் குழம்பும் எந்த மண்டலத்தின் பெயரிலும் அங்கே இல்லை. நாம் உள்ளே போகலாம், கரண்டியைத் தொடலாம், நம் வீட்டு உணவை மட்டும் வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். மாலையில் சாலையோரத்தில் பீப் பக்கோடா விற்கும் தள்ளுவண்டிதான் நமக்கு மிஞ்சிய உணவகம்.

மூன்று கேள்விகளோடு நிறுத்த நினைத்தேன். நான்காவது ஒன்று மேசைக்குக் கீழே இருக்கிறது. பஃபே முடிந்ததும் தட்டுகளை எடுப்பவர் யார்? எண்ணெய்ப் படிந்த வடிகாலைக் கழுவுபவர் யார்? கழிவுத் தொட்டி நிரம்பினால் யாரை அழைக்கிறார்கள்? 2022 அக்டோபரில், இங்கிருந்து சற்றுத் தூரத்தில் திருப்பெரும்புதூர் அருகே, ஒரு விடுதியின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. அந்த விடுதிகளில் விருந்தினராக நுழையும் உரிமையை ராஜா வாங்கித் தந்தார். அதே விடுதிகளில் நம்மவர் இன்னும் பின்வாசல் வழியே தொட்டிக்குள் இறங்குகிறார்கள்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மதுரவாயலிலிருந்து பூந்தமல்லி வரை இந்தச் சாலையில் உள்ள உணவகங்களுக்குப் போங்கள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது, 'அனுமதி உரிமை நிர்வாகத்துக்கே' என்று எங்கெல்லாம் இருக்கிறது, சமையலறையில் யார், மேசையில் யார், கழிவறையில் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வீட்டில் மூத்தவர்களிடம், முதன்முதலில் எந்தக் கடையில் உட்கார்ந்து டீ குடித்தீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதில்கள் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. அவர்கள் இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும்.

நான் அம்மாவிடம் கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு ஆவடிக்கு வந்த புதிதில், ஒரு பாய் கடையில் என்றார். கண்ணாடிக் குவளை. குடித்து முடித்ததும் பழக்கத்தில் அதைக் கழுவ எழுந்திருக்கிறார். "வெச்சிட்டுப் போம்மா, பையன் எடுத்துப்பான்" என்றாராம் கடைக்காரர். ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது. அந்தக் கடை இருந்த தெருமுனையை அம்மா இன்றும் கைகாட்டிச் சொல்கிறார்.