சுண்ணாம்பு வெள்ளையும் நீலமும் (அறைச்சுவர் நிறங்கள்)

சுண்ணாம்பு வெள்ளை, நீலம் ஆகியவை வீட்டு அறைகளின் உட்சுவர்களுக்குப் பூசப்படும், ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரு நிறங்கள் ஆகும். தமிழ்நாட்டின் தோல் தொழில் ஊர்களான வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவற்றில் இவற்றுள் ஒன்றைத் தெரிவது அழகு பற்றியது மட்டுமன்று. ஆம்பூர்ப் பகுதியில் பெண்கள் பலர் காலணியின் மேற்பாகங்களை வீட்டிலேயே கையால் தைத்துக் கூலி பெறுகின்றனர். வசிக்கும் அறையே அவர்களுக்குத் தொழிலறையும் ஆகின்றது. (2019 ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன.)

ஒளியும் சாயலும்

புதிதாகப் பூசிய வெள்ளைச் சுவர் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகின்றது. வெளிர்நீலம் இதனினும் குறைவாகத் திருப்பும். அடர்நீலம் 10 விழுக்காட்டளவே திருப்பும். ஒரே சன்னல் கொண்ட அறையில் கறுப்புத் தோலைக் கறுப்பு நூலால் தைப்பவருக்கு இவ்வேறுபாடு கண்ணுக்கு நேரும் அயர்ச்சியாகவே வந்து சேரும்.

சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி சுவரின் சாயலையும் ஏந்தி வருகின்றது. ஆவாரம் பட்டையால் பதனிட்ட பழுப்புத் தோல் நீல அறையில் மங்கித் தோன்றும். ஒரு சோடியின் இரு காலணிகளும் ஒத்த சாயலில் இருக்க வேண்டுமாதலால், தோல்களை நிறம் பார்த்துப் பிரிக்கும் அறைக்கு நீலம் பொருந்தாது. நுட்பமான நிற ஒப்பீட்டுக்கான ஒளிப்பெட்டிகளின் உட்புறம் வெள்ளையும் அன்று. நடுநிலைச் சாம்பல் நிறமே அங்கு பூசப்படுகின்றது.

வெப்பம்

நீலம் குளிர்ச்சி தரும் என்பது பரவலான நம்பிக்கை. வேலூரின் கோடை வெப்பத்தை உட்சுவர் நிறம் பெரிதாக மாற்றுவதில்லை. மொட்டைமாடியில் வெள்ளை பூசுவதே பயன் தரும்.

பூச்சு

தோலிலிருந்து மயிர் நீக்கத் தொட்டிகளில் இடப்படும் நீற்றிய சுண்ணாம்பே சுவருக்கும் பூசப்படுகின்றது. இது காற்றிலுள்ள கார்பனீராக்சைடுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக இறுகும். அதன் கடுங்காரத்தில் புருசிய நீலம் நிறமிழக்கும். அல்ட்ராமரைன் நிலைத்து நிற்கும். 1820களில் பிரான்சில் செயற்கையாக உருவாக்கப்பட்ட இந்நிறமியே சலவை நீலமாகவும் பயன்பட்டது. வெள்ளையில் இதனைச் சிறிது கலந்தால் மஞ்சள் சாயல் மறைந்து வெண்மை கூடியது போலத் தோன்றும். எனவே இவ்விரு நிறங்களையும் முற்றிலும் பகை எனக் கொள்ள வேண்டியதில்லை.

சுண்ணாம்புப் பூச்சு உராய்ந்தால் பொடியாக உதிர்ந்து கறுப்புத் தோலில் படியும். ஆகவே முதுகு சாயும் உயரம் வரை நீல எண்ணெய் வண்ணமும், அதற்குமேல் வெள்ளையும் பூசுதல் இத்தகைய அறைக்கு ஏற்றது. இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகலாகாது. அதற்கு முற்பட்ட எண்ணெய்ப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதனை உலர்நிலையில் சுரண்டாது, நனைத்தே தேய்க்க வேண்டும். அவ்வேளையில் குழந்தைகளை அறைக்கு வெளியே இருத்துதல் நலம்.