கான்ட்ரா ஏன் மெதுவாக ஓடியது?

ஒரு சண்டையில் ஆரம்பித்த விஷயம் இது. 2003-ல் நண்பன் ஒருவன் நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஃபிளாப்பி கொண்டுவந்தான். அதில் நெஸ்டிக்கிள் என்ற எமுலேட்டரும் நாலைந்து கேமும் இருந்தன. மாரியோ மொத்தமே 40 கேபி, கான்ட்ரா 128 கேபி. ஃபிளாப்பியில் இன்னும் இடம் மிச்சம். போட்டுப் பார்த்தால் படமெல்லாம் அதேதான், ஆனால் பாட்டு பறக்கிறது. ஆளும் யாரோ துரத்துகிற மாதிரி ஓடுகிறான். "இது நம்ம கேம் இல்லலே, வேகம் கூட" என்றேன். பக்கத்திலிருந்த சித்தப்பா மகன், "ஒனக்கு வயசாச்சுலே, கை ஓடல, அத ஒத்துக்க" என்று முடித்துவிட்டான். கம்ப்யூட்டரில் ஓடுவது அசல், அப்போ என் ஞாபகம்தான் தப்பு. ரொம்ப வருஷம் நானும் அப்படித்தான் நம்பினேன்.

எங்களிடம் இருந்தது 1994-ல் துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த 'டிவி கேம்' பெட்டி. டிவியில் ஆண்டெனா வயரைக் கழற்றி அந்த இடத்தில்தான் கேம் வயரைச் சொருகணும். அந்த நேரம் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் போய்விடும், வீட்டில் ஏச்சு விழும். கேமுக்கு நாங்கள் சொன்ன பெயர் கேசட்.

பெட்டியில் நிண்டெண்டோ என்ற பெயரே கிடையாது. நிண்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் விட்ட ஃபேமிகாம் கருவியைப் பார்த்துத் தைவானில் செய்த நகல் அது. இந்தியாவில் 90-களில் பிள்ளைகள் விளையாடியதில் பெரும்பகுதி இந்த வகை நகல்கள்தான். ரஷ்யாவிலும் அதே கதை. அங்கே 1992 கடைசியில் ஸ்டீப்ளர் என்ற கம்பெனி இதே நகலுக்கு 'டெண்டி' என்று பெயர் வைத்து, ஒரு யானைப் படத்தையும் போட்டு விற்றது. ஒரு தலைமுறைக்கே வீடியோ கேம் என்றால் அங்கே டெண்டிதான். இந்த யானை பிறகு வரும்.

இனி எமுலேட்டர். ஒரு கருவியின் சிப்புகள் செய்கிற வேலையை அப்படியே கம்ப்யூட்டரில் செய்துகாட்டும் நிரல் அது. மராத் ஃபைசுல்லின் எழுதிய ஐநெஸ் 1996-ல் வந்தது. கேசட்டிலிருந்து எடுத்த கேமைக் கோப்பாக வைக்க அவர் போட்ட 16 பைட் தலைப்புதான் இன்றைக்கும் வழக்கத்தில் இருக்கிறது. 1997 ஏப்ரலில் நெஸ்டிக்கிள் வந்தது. இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், ஆனால் மூலநிரல் வெளியே இல்லை. எழுதியவர் விட்டதும் அது அங்கேயே நின்றுபோனது. இன்னொரு பக்கம் பெரோ என்பவர் எழுதிய எஃப்சிஇ இருந்தது. அதை ஒருவர் எடுத்து எஃப்சிஇ அல்ட்ரா ஆக்கினார், அது பல கிளைகளாகப் பிரிந்தது, 2008-ல் கிளைகள் சேர்ந்து எஃப்சிஇயூஎக்ஸ் ஆனது. மூலநிரல் திறந்திருந்ததால் ஆள் மாறினாலும் வேலை நிற்கவில்லை. என் கேள்விக்குப் பதில் கிடைத்தது இந்த இரண்டாவது வகையில்தான்.

எஃப்சிஇயூஎக்ஸ் அமைப்புகளில் கருவி எந்த நாட்டுடையது என்று தேர்ந்தெடுக்க ஒரு இடம் உண்டு. அமெரிக்க-ஜப்பானிய என்டிஎஸ்சி, ஐரோப்பிய பால், மூன்றாவதாக டெண்டி. மெசென் எமுலேட்டரிலும் அப்படியே. டெண்டியைத் தொட்டேன். முதல் ஸ்டேஜ் பாட்டு கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. இதுதான் எங்க கான்ட்ரா!

காரணம் இவ்வளவுதான். ஜப்பான், அமெரிக்க டிவி விநாடிக்கு 60 படம் காட்டும், நம்ம டிவி 50. கேம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி நகர்கிறது, பாட்டும் அதே கணக்கில். அங்கே ஒரு நிமிஷத்தில் முடியும் பாட்டு இங்கே முடிய 72 விநாடி ஆகும். நிண்டெண்டோ ஐரோப்பாவுக்குச் செய்த கருவியிலும் மெதுவுதான். ஆனால் அதில் சிப்பின் வேகத்தையும் 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66-க்குக் குறைத்ததால் சுருதியும் இறங்கியது. தைவான்காரர்களுக்கு ஜப்பான் கேசட்டே 50 படம் காட்டும் டிவியிலும் சிக்கலில்லாமல் ஓடணும். அதனால் 1.77-ல் நிறுத்திக்கொண்டார்கள். ஒரு படத்துக்கு 262 வரிக்குப் பதில் 312 வரி வரும், கூடுதல் 50 வரியைப் படம் முடிந்தபின் சும்மா காத்திருக்க வைத்தார்கள். விளைவு, சுருதி கிட்டத்தட்ட அதே, தாளம் மட்டும் மெது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அசல் கருவியில் கேட்காத ஒரு கான்ட்ராவை நாங்கள் கேட்டிருக்கிறோம். நகல் என்று கேலி பேசுவது லேசு, எனக்கு அது கெட்டிக்கார வேலையாகத்தான் படுகிறது.

சந்தேகம் தீர, 2021-ல் தக்கலையில் சித்தி வீட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் திறந்தேன். எலிப்புழுக்கைக்கு நடுவே இரண்டு பெரிய சிப்புகள்: யூஏ6527பி, யூஏ6538. இரண்டும் தைவானின் யூஎம்சி நிறுவனத்துடையவை. ஐநெஸ் தலைப்பின் பிந்தைய வடிவமான நெஸ் 2.0-ல் 12-ஆம் எண் பைட்டில் 3 என்று போட்டால் இந்த யூஏ6538-ஐத்தான் குறிக்கும். ஆவணங்களில் அதற்குப் பெயர் டெண்டி. ரஷ்யப் பிள்ளைகள் பெரியவர்களாகித் தங்கள் பெட்டியை மறக்காமல் வைத்திருந்ததால் ஒரு யானையின் பெயர் அங்கே ஏறியது. நம்ம ஊரில் எத்தனை பெயரில் எத்தனை பெட்டி விற்றது! ஒன்றின் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை. கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் குறை சொல்ல முடியாது. நாம யாரும் எழுதிவைக்கவில்லையே.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: எமுலேட்டர் வேறு, கேம் வேறு. சோனி தொடுத்த வழக்கில் 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், எமுலேட்டர் எழுதுவதற்காகக் கருவியைப் பிரித்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடு என்று கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. நம்ம காப்புரிமைச் சட்டத்தில் 1999 திருத்தத்தின்போது 52-ஆம் பிரிவில் நிரலை ஆராய்ந்து பார்க்க இடம் வைத்தார்கள். கேம்களின் உரிமை மட்டும் இன்னும் கம்பெனிகளிடம்தான்.

டெண்டி முறையில் ஓடிய கான்ட்ராவை ஃபோனில் பதிந்து குவைத்திலிருக்கும் சித்தப்பா மகனுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து பதில்: "சரிலே, ஒனக்கு வயசாகல."

பரணில் ஒரு 64 இன் 1 கேசட்டும் கிடைத்தது. உள்ளே சிப்பே தெரியவில்லை, பலகைமேல் கறுப்பாகத் தார் சொட்டுமாதிரி ஒரு குமிழ்தான். அதிலிருக்கும் கான்ட்ரா தொடங்கும்போதே 30 உயிர் தரும். யார் மாற்றியது, எங்கே மாற்றியது, யாருக்கும் தெரியாது. இந்தக் கேசட்டுகள் பழைய இரும்புக்கடைக்குப் போனால் அவ்வளவுதான். உங்கள் வீட்டில் பெட்டி கிடந்தால் தூக்கிப் போடுவதற்குமுன் நாலு திருகைக் கழற்றி, சிப்பின்மேல் இருக்கும் எழுத்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எந்த ஊரில், எந்த வருஷம் வாங்கியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.