பெயர் அச்சாகாத பெண்கள்

என் அம்மம்மாவின் அம்மம்மா உடுவில் பெண்கள் பாடசாலையில் படித்தவர் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய பெயர்தான் யாருக்கும் தெரியாது. “பள்ளிக்கூடத்தில ஒரு வெள்ளைக்காரப் பேர் வச்சவை. வீட்டுப் பேர் வேற” என்று அம்மா சொல்வார். அந்த இரண்டு பெயர்களையும் அம்மாவின் தலைமுறை மறந்துவிட்டது. நியூ ஜேர்சியில் வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் அவற்றைத் தேடத் தொடங்கினேன்.

தேடுவதற்கு அமெரிக்கா பொருத்தமில்லாத இடமல்ல. 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய மிஷனரிமார் அமெரிக்கர்கள். பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்த ஜோன் ஸ்கடர், இதே நியூ ஜேர்சியின் பிரீஹோல்டில் 1793இல் பிறந்தவர். வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. மிஷனரிமாரின் கடிதங்கள் ‘மிஷனரி ஹெரல்ட்’ இதழில் அச்சாகின. அவர்களை அனுப்பிய பாஸ்டன் சபையின் ஆவணங்கள் இன்று ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன.

குடும்ப வரலாறு தேடுவோர் முதலில் போய் நிற்கும் இடம் பழைய பத்திரிகைகளின் பிறப்பு, திருமண, மரண அறிவித்தல்கள். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பத்திரிகைகளில் பிறப்பு அறிவித்தலுக்கு ஓர் அச்சு வார்ப்பு உண்டு: இன்ன திகதி, இன்ன ஊரில், இன்னாருடைய மனைவிக்கு ஓர் ஆண் குழந்தை. பிள்ளைக்கு இன்னும் பெயரில்லை. பெற்றவளுக்குப் பெயர் இருந்தும் அச்சாகவில்லை. ஆகவே பிறப்பு அறிவித்தலை மட்டும் வைத்துக்கொண்டு தாயைக் கண்டுபிடிக்க முடியாது. தகப்பன் பெயரைப் பிடித்துக்கொண்டு திருமண அறிவித்தலுக்குப் பின்னோக்கிப் போகவேண்டும். மணமகள் தன் சொந்தப் பெயரோடும் தகப்பன் பெயரோடும் தோன்றுவது பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான்.

வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு இந்த வழி சரிவரும். உடுவில் பாடசாலையை 1824இல் தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோ 1833இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். அவருடைய கணவர்தான் 1862இல் தமிழ் – ஆங்கில அகராதி வெளியிட்ட மிரன் வின்ஸ்லோ. அவர்களுடைய மகள், சென்னையில் பணியாற்றிய ஜோன் வெல்ஷ் டல்லஸ் என்ற மிஷனரியை மணந்தார். அந்தத் தம்பதியின் பேரன்தான் அமெரிக்க வெளியுறவுச் செயலராக இருந்த ஜோன் பொஸ்டர் டல்லஸ். வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையம் அவர் பெயரைத் தாங்கியது. அந்த விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்து நிற்கும் நம்மவர்கள், அந்தப் பெயருக்குரியவரின் பூட்டி உடுவிலில் பள்ளிக்கூடம் நடத்தியவர் என்று நினைப்பதில்லை.

ஆசிரியையின் வழியை நான்கு தலைமுறைக்குத் தொடரலாம். அவர் தொடங்கிய பாடசாலையில் படித்த தமிழ்ப் பெண்ணின் வழியில் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, பெயர் மாற்றம். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கர், தாம் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்குச் சூட்டலாம் என்பது மிஷன் விடுதிப் பாடசாலைகளின் வழக்கம். ‘உதயதாரகை’யின் ஆசிரியராக இருந்தவரும் 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதியவருமான சதாசிவம்பிள்ளை, ஜே. ஆர். ஆர்னல்ட் என்றும் அழைக்கப்பட்டார். பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரம், பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயரில் அறியப்பட்டவர். இப்படியான பெயர்களை இங்குள்ள பத்திரிகைத் தரவுத்தளத்தில் தட்டினால் ஆயிரக்கணக்கான அறிவித்தல்கள் வந்து விழும். அவை உபகாரியின் உறவினராக இருக்கலாம், முன்பின் தெரியாதவராக இருக்கலாம். நம்முடைய சொந்தமாக இருக்காது. நானும் மூன்று மாதம் அப்படி ஏமாந்தேன். குடும்பப் பெயர் இரத்தவழியைக் காட்டும் என்ற எண்ணத்தில் அமைந்த தேடல் கருவி அது. நமக்கோ தகப்பன் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதற்கு மேல் கடன்வாங்கிய பெயர் வேறு.

இரண்டாவது தடை, அழிவு. ‘உதயதாரகை’ 1841 ஜனவரியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவரத் தொடங்கியது. அத்தகைய பழைய ஏடுகளைத் தேடி நாம் போயிருக்கக்கூடிய யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. தப்பிய பிரதிகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ‘நூலகம்’ நிறுவனம் 2005 முதல் ஈழத்து இதழ்களை மின்படிவமாக்கி வருவதால், கிடைத்தவற்றையாவது இங்கிருந்தே புரட்ட முடிகிறது.

புரட்டினேன். அவரைக் காணவில்லை.

ஆனால் அந்த அலைச்சலில் ஒரு பழைய உறையிலிருந்து என் அம்மப்பாவின் மரண அறிவித்தல் கிடைத்தது. 1950களில் ஒரு கொழும்புப் பத்திரிகையில் வந்த நறுக்கு. பிறந்த ஊர், உத்தியோகம், மருமக்களின் பதவிகள் எல்லாம் உண்டு. அம்மம்மா அதில் ‘அன்னாரின் பாரியார்’. ஆங்கிலப் பத்திரிகையின் வார்ப்பை நூறு வருடம் கழித்தும் நாம் கைவிடவில்லை. அந்த அறிவித்தலை எழுதியது வெள்ளைக்காரரல்ல, எங்கள் பெரியமாமா.

இரண்டு வருடங்களுக்கு முன் அம்மா இங்கே காலமானார். அறிவித்தல் எழுதும் பொறுப்பு என்னுடையதாயிற்று. பழக்கதோஷத்தில் அம்மாவின் பெற்றோரை அம்மப்பாவின் பெயரை மட்டும் போட்டுத் ‘தம்பதிகள்’ என்று எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முன் மீண்டும் வாசித்தபோது கை நின்றது. அம்மம்மாவின் முழுப்பெயரையும் அவர் பிறந்த ஊரையும் சேர்த்தேன். அவருடைய தாயின் பெயரையும் சேர்த்தேன். ஒரு வரி கூடியதால் கட்டணம் கொஞ்சம் கூடியது.

அதற்கு மேலே ஒரு தலைமுறைக்குப் போக என்னால் முடியவில்லை. குடும்ப மரத்தில் அந்தக் கட்டத்தில் ‘உடுவிலில் படித்தவர்’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.