வில்லோ பட்டையும் வீட்டுப் பூனையும்



"இயற்கை மருந்துதானே, வலியில் கிடக்கும் பூனைக்குக் கொடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு மரத்தின் வரலாறு.

கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அந்த வில்லோ மரம்தான். அதன் பட்டை பழங்காலத்திலேயே வலிக்கு மருந்தானது. இங்கிலாந்துப் பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன் அதைக் காயவைத்துப் பொடித்து, குளிர்காய்ச்சல் கண்ட சுமார் 50 பேருக்குக் கொடுத்தார். கண்ட பலனை 1763-இல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். பட்டையில் இருக்கும் சாலிசினை ஆராய்ந்த வழியில் பிறந்ததே ஆஸ்பிரின். ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1899-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மனிதனைக் காத்த இதே பொருள் பூனைக்கு நஞ்சாகலாம். இதை மாற்றி வெளியேற்றும் கல்லீரல் நொதி பூனைக்குச் சரியாக வேலை செய்வதில்லை. பாதி மருந்து வெளியேறவே ஒன்றரை நாள் ஆகும். பட்டையாக இருந்தாலும் மாத்திரையாக இருந்தாலும் கதை ஒன்றுதான். பாரசிட்டமாலோ ஒரே மாத்திரையில் உயிரைப் பறித்துவிடும்.

பூனை வலியை மறைக்கும் பிராணி. அதன் முகத்தைப் படிக்கும் முறையை மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டார்கள். காது விலகிச் சாய்வது, கண் இடுங்குவது, மூக்கும் வாயும் இறுகுவது, மீசை விறைப்பது, தலை தோளுக்குக் கீழே தாழ்வது: இந்த ஐந்தையும் பாருங்கள்.

கதகதப்பான படுக்கை, எட்டும் தூரத்தில் தண்ணீர், தொந்தரவில்லாத மூலை. நாமாகச் செய்யக்கூடிய இயற்கை வைத்தியம் இவ்வளவுதான். மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.